மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வர: கண்மாய், குன்று, காடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை இரவானால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம், பறவை பார்க்க எங்கே நல்லது, தண்ணீர் உள்ள இடமாக ஒன்று சொல்லுங்கள் என்று. பதினைந்து வருடமாகக் கண்மாய் கண்மாயாகச் சுற்றுகிறவன் என்பதால் உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் என்னைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். தேக்கடி ஒன்றைத் தவிர, காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய இடங்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரைப் பக்கம் வெயிலும் பாறையும்தானே, பார்க்க என்ன இருக்கிறது?

அந்தப் பாறையில்தான் வல்லூறு கூடு வைக்கிறது. வெயிலில் வற்றிப்போகிற கண்மாயில்தான் நாரைகள் கூட்டமாக இறங்குகின்றன. மதுரைக்காரர்களுக்கு மூன்று விதமான இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்கள் ஒன்று. அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, அழகர்மலை மாதிரியான குன்றுகளும் சிறு மலைகளும் இரண்டாவது. தேனி, திண்டுக்கல், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் உள்ள பெரிய மலைக்காடுகள் மூன்றாவது. எல்லாரும் மூன்றாவதுக்கே ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து, காட்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருவதைவிட, அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து நாலு மணி நேரம் கரையில் உட்காருவதில் பார்க்கக் கிடைப்பது அதிகம்.

எந்த மாதம் போகலாம்?

கண்மாய்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் பெருகும். வடக்கேயிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள், தகைவிலான் எல்லாம் அந்தச் சமயத்தில் வந்து சேரும். உள்ளூர் நாரைகளும் கொக்குகளும் அப்போதுதான் கூடு கட்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு நல்ல காலம் உண்டு. கோடை தொடங்கி, கண்மாய் வற்றி, நடுவில் முழங்காலளவு தண்ணீர் மட்டும் நிற்கிற நாட்கள். ஊர்க்காரர்கள் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிக்கிற அதே சமயம். எஞ்சிய தண்ணீரில் மீன் நெருக்கமாகக் கிடப்பது பறவைகளுக்கும் தெரியும். கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதமானாலும் விடியற்காலை முக்கியம். சூரியன் எழும்போது நீங்கள் கரையில் நிற்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு மேல் பறவைகளும் நிழலைத் தேடிப் போய்விடும்.

அரை நாள்தான் இருக்கிறது. ஊரை விட்டுத் தள்ளிப் போக முடியாது. என்ன செய்யலாம்?

வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஒரு நடை நடங்கள். முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம் என்று பத்துப் பதினைந்து வகையை ஒரு மணி நேரத்தில் எண்ணிவிடலாம். முக்குளிப்பான் உருண்டையாக, கைப்பிடியளவில் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் காணாமல் போய், நாம் எதிர்பார்க்காத திசையில் எழும்பும். அடுத்து எங்கே எழும் என்று சிறு பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

தெற்கே சாமநத்தம் கண்மாய், பறவை பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

மேற்கே தேனிச் சாலைக்குத் தெற்காகக் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், முன்னால் தாமரைக் குளம். மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இடங்களில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. காலை ஆறரைக்கு ஆலமரத்தடியில் உட்கார்ந்தால் மாங்குயிலும் குக்குறுவானும் தாமாகவே தலைக்கு மேல் வரும். மயிலைத் தேட வேண்டியதில்லை.

வேட்டங்குடி சரணாலயம் போகலாமா? அங்கே என்ன விசேஷம்?

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் கைகாட்டுவது வேட்டங்குடியைத்தான். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூருக்குப் பக்கம். மதுரையிலிருந்து மேலூர் வழியாக 50 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு என்று பார்த்தால் 40 ஹெக்டேர்கூட இல்லை. கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டிய கண்மாய்கள்தான் சரணாலயமே. கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். வக்கா, கொக்கு, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி வீடு மாதிரி அடுக்கடுக்காகக் குடியிருக்கும்.

இந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிச் சமயத்தில்தான் பறவைகள் வந்து கூடு போடத் தொடங்கும். சத்தத்துக்கு அவை மிரண்டுவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக இப்படி இருக்கிறார்கள். வனத்துறையினர் தீபாவளிக்கு இவர்களுக்கு இனிப்பு கொடுத்து வாழ்த்துவது வழக்கம். பட்டாசு கேட்கிற வயதில் உள்ள பிள்ளையைக் கூட்டிப்போய், அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தைக் காட்டுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள்தான் வெடி இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள்.

போகும் வழியில் வயல்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு மார்கழிக் காலையில் நடவு முடிந்த வயலில் நத்தைகுத்தி நாரை ஒன்றை வரப்போரமாக நின்று கவனித்தேன். இருபதடி தூரம்தான் இருக்கும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைச் சற்றே திறந்து பிடித்த மாதிரி. சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவியது. நத்தை சிக்கியதும் அதைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தியது. தலை மெல்ல இடமும் வலமும் ஆடியது. கால் நிமிடம்கூட ஆகவில்லை, சதை மட்டும் வெளியே வந்துவிட்டது. நாரை போன பிறகு அந்த ஓட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நத்தையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்துத்தான் சதையை இழுத்திருக்கிறது. அந்த ஓடு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

போகும் முறை சுலபம். மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பத்தூர், காரைக்குடி போகும் பஸ்கள் அந்த வழிதான். கொள்ளுக்குடிப்பட்டி விலக்கில் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை பறவைகள், மதியம் நடை சாத்தும் முன் பிள்ளையார்பட்டி, சாயங்காலம் திரும்பவும் பறவைகள் என்று வைத்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் திருப்தி.

கூடுகளைப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். கேமரா வாங்கிய புதிதில், வேறொரு கண்மாயில், தண்ணீர் வடிந்திருந்த ஓரமாக நடந்து கூடு இருந்த மரத்தின் அடிக்கே போய்விட்டேன். மேலிருந்த கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் காகங்கள் வந்துவிட்டன. ஒரு காகம் வெளிர்நீல முட்டையை அலகில் கவ்விக்கொண்டு போனதை லென்ஸ் வழியாகவே பார்த்தேன். நான் அங்கே போயிருக்காவிட்டால் அந்தத் தாய்ப்பறவை எழுந்திருக்காது. அதற்குப் பிறகு கூட்டைத் தேடி நான் போவதில்லை. கரையிலிருந்து தெரிவது தெரிந்தால் போதும்.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைப்பதும் அதே மாதிரிதான். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. இரை தேட வேண்டிய நேரம் இப்படிப் பாழாகும்.

அரிட்டாபட்டி பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். அங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர்ப் பக்கம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்திலுள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். சுற்றிலும் ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கண்மாய்கள், குளங்கள், ஊற்றுகள். பாறையில் விழும் ஒரு மழையைக்கூட வீணாக்காத ஏற்பாடு. ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தாலே அந்த ஏற்பாடு புரிந்துவிடும்.

சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அதில் முக்கியமானவை லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு. மூன்றும் வேட்டைப் பறவைகள், செங்குத்தான பாறை முகடுகளை நாடுபவை. பாறையில் வெள்ளையடித்த மாதிரி எச்சக் கோடுகள் வழிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, தூரமாக ஒரு மரநிழலில் உட்கார்ந்துவிடுங்கள். பொறுமையாக இருந்தால் ஒருநாள் வல்லூறு புறாக்கூட்டத்தின் மேல் பாய்வதைப் பார்க்கலாம். பாறைமேல் ஏறி முகடு வரை போக வேண்டாம். தையிலிருந்து பங்குனி வரை அவை குஞ்சு வளர்க்கும் காலம்.

கழிஞ்சமலையில் சமணர் படுக்கைகளும் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பம் ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டில் அரிதானது. 2024-இன் கடைசியில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்து, சுற்றுவட்டார மக்கள் மதுரை வரை பேரணியாக வந்தது நினைவிருக்கும். 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. ஊருக்குள் போனால் டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டுப் பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். எந்த மலைக்கு என்ன பெயர், எந்த ஊற்று எப்போது சுரக்கும் என்று அவர் சொல்வது எந்தத் தகவல் பலகையிலும் கிடையாது.

ஆடு மாடு மேய்கிற, சாமி கும்பிடுகிற ஊர் அது. சில இடங்களில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றிவிடுங்கள்.

பிள்ளைகள் படகில் போக ஆசைப்படுகிறார்கள். எங்கே போகலாம்?

ஊருக்குள்ளேயே என்றால் வண்டியூர்த் தெப்பக்குளம். தண்ணீர் நிறைந்து நிற்கும் காலங்களில் படகு விட்டிருக்கிறார்கள். போகும் முன் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றபடி கொடைக்கானல் ஏரி, தேக்கடி ஏரி. இரண்டைப் பற்றியும் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்தப் படகானாலும் உயிர்காப்பு மேலாடையைப் போட்டு வாரை இழுத்துக் கட்டிய பிறகுதான் படகில் கால் வைக்க வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு இல்லை என்றால் அந்தப் படகில் ஏற வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ‘அதோ யானை’ என்று யாராவது சொன்னதும் எல்லாரும் எழுந்து ஒரு பக்கமாக ஓடுவது மனித இயல்பு. படகு ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், என்ன தெரிந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று.

கண்மாயில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. மேலே பார்க்க ஒரே மட்டமாகத் தெரியும். கோடையில் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கும். இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடுவார். மடைக்குப் பக்கத்தில் இழுப்பும் இருக்கும். நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் இப்படிப் போயிருக்கிறார்கள். கலுங்கில் தண்ணீர் வழிந்தால் ஓரத்தில் நின்று கால் நனைப்பதுகூட வேண்டாம், பாசி வழுக்கும்.

வைகை அணை எப்படி?

ஆண்டிபட்டிக்குப் பக்கம், மதுரையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1959-இல் திறந்த அணை, நீர்மட்டம் 71 அடி வரை தேக்குவார்கள். பூங்கா, பாலம், பொரித்த மீன் கடைகள் என்று குடும்பத்தோடு பொழுது போக்க நல்ல இடம். பறவை என்று பார்த்தால் அணையைவிட அதன் பின்புறம் தண்ணீர் விரிந்து கிடக்கும் பகுதியில்தான் ஆலாவும் கூழைக்கடாவும் நாரையும் கிடைக்கும். மதுரையிலிருந்து போடி போகும் ரயிலில் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். அந்த ரயில் பயணமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இங்கே நின்று ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேக்கடி ஏரியின் தண்ணீர் மலையைக் குடைந்த சுருங்கை வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, இந்த அணைக்கு வருகிறது. இங்கிருந்து விடும் தண்ணீர் பேரணை என்ற தடுப்பணையில் பிரிந்து பெரியாறு கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறது. தேக்கடியில் யானை குடிக்கிற தண்ணீரில்தான் மேலூர்க் கண்மாயில் சிறகி நீந்துகிறது.

கொடைக்கானல் ஒரே நாளில் முடியுமா?

முடியும், ஆனால் ஏரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 120 கிலோமீட்டர், மலைப்பாதையும் சேர்த்து மூன்று, மூன்றரை மணி நேரம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால்தான் அர்த்தம். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், முந்தின நாளே எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் அங்கே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஏரி இயற்கையாக அமைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த வேரா லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுமார் 60 ஏக்கர். சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் போல நடக்கலாம், சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். துடுப்புப் படகே எடுங்கள், மோட்டார்ச் சத்தம் இல்லாமல் கரையோரப் பறவைகளைப் பார்க்கலாம். சாலையில் காட்டுமாடு நின்றால் வண்டியை நிறுத்திவிட்டு அது போகும் வரை காத்திருங்கள். பக்கத்தில் நின்று செல்பி எடுப்பது உயிரோடு விளையாடுவது.

தேக்கடி?

குமுளி வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். போய்வரும் நேரமே ஏழெட்டு மணி ஆகிவிடும் என்பதால் ஒரு நாள் பயணமாக நான் சொல்வதில்லை. போயே ஆக வேண்டும் என்றால் முந்தின இரவு கம்பத்திலோ குமுளியிலோ தங்கி, காலை முதல் படகைப் பிடியுங்கள். வெயில் ஏறாத அந்த நேரத்தில்தான் யானையும் காட்டுமாடும் கரைக்கு வர வாய்ப்பு அதிகம். 1895-இல் பெரியாறு அணை கட்டி நீர் தேங்கியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயவைப்பது அந்தக் கட்டைகளில்தான். யானை வராத நாளில்கூட அது போதும் எனக்கு.

நரை அணிலைப் பார்க்க வேண்டும். எங்கே, எப்போது?

ஸ்ரீவில்லிபுத்தூர், செண்பகத்தோப்பு. மதுரையிலிருந்து 75 கிலோமீட்டர் போல. நரை அணில் என்கிற இந்தச் சாம்பல் நிற அணிலுக்காகவே 1988-இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தென்னிந்தியா, இலங்கை தவிர உலகில் வேறெங்கும் இந்த அணில் இல்லை.

வீட்டுக் கூரையில் ஓடுகிற அணிலை மனதில் வைத்துக்கொண்டு போனால் கண்ணில் படாது. இது பூனையளவு இருக்கும், வால் உடம்பளவு நீளம். மேலே தேடும் முன் கீழே தேடுங்கள். மாமரம், புளியமரத்தடியில் பாதி கடித்த காய், உரித்த புளியங்கோது புதிதாக விழுந்து கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி என் தோளில் ஒரு புளியங்கோது விழுந்து நிமிர்ந்து பார்த்தேன். கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்திருந்தது. காற்றில் வாலின் நுனி மயிர் மட்டும் அசைந்தது. பத்து நிமிடம் நானும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. பிறகு முன்னங்கால்கள் இரண்டிலும் ஒரு பழத்தைப் பிடித்து, உருட்டி உருட்டித் தின்னத் தொடங்கியது. கவட்டைக் கிளைகளில் இலையும் குச்சியும் வைத்து உருண்டையாகக் கட்டிய பெரிய கூடுகளும் தெரியும்.

மரங்கள் கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டு நிற்பதுதான் இதற்கு உயிர். தரையில் இறங்கினால் நாய், சிறுத்தை, சாலை எல்லாமே ஆபத்து. அதனால்தான் இந்தத் தோப்பில் ஒரு மரம் விழுந்தாலும் எனக்குப் பதறுகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு, அவர்கள் விடும் தூரம் வரை மட்டும் போங்கள். மேலே மழை பெய்தால் ஓடையில் சட்டென்று வெள்ளம் வரும், மேகம் கறுத்தால் ஓடையைக் கடக்காதீர்கள்.

மலையேற்றத்துக்கு அனுமதி வேண்டுமா?

வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிந்தால் வழிகாட்டியோடு போகலாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது பாதைகளை மூடுவார்கள். மூடியிருந்தால் தெரிந்தவர் மூலமாக வேறு வழியில் ஏறப் பார்க்காதீர்கள்.

அழகர்கோயிலில் குரங்குகள் பையைப் பிடுங்குகின்றன. என்ன செய்வது?

பிளாஸ்டிக் பையை வெளியே தெரியும்படி கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பை என்றால் தின்பண்டம் என்று அவற்றுக்குப் பழக்கியது நாம்தான். மலைமேல் நூபுர கங்கை போகும் வழியில் அத்தியும் நாவலும் இருக்கின்றன, அவற்றுக்கு வேண்டியது அங்கேயே கிடைக்கும். புண்ணியம் என்று நினைத்துப் பிஸ்கட் போடுகிறவர்களிடம் நான் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். சாலையோரம் உட்கார்ந்து கையேந்தப் பழகிய குட்டி, வண்டியில் அடிபடுகிறது.

தேவாங்கு பார்க்க முடியுமா?

இரவில் மட்டும் நடமாடும், கண்ணில் வெளிச்சம் பட்டால் தவித்துப்போகும். பொழுதுபோக்குக்காக டார்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போகக் கூடாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியை 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், நாட்டிலேயே முதலாவது. அது நிம்மதியாக இருக்கட்டும்.

சிறுமலை?

திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சின்ன ஏரி ஒன்று, வாழைத்தோட்டங்கள். பறவை பார்க்க வளைவுகளில் வண்டியை நிறுத்தாதீர்கள், மேலே போய்த் தோட்டப் பாதையில் நடங்கள். திரும்பும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்பதால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு வாங்கினால் புதிதாகப் பிடிக்கிறவர் கையில் ஆடும். ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம், ஆளுக்கொன்று வேண்டியதில்லை.

சட்டை மண் நிறமோ பச்சையோ. தொப்பி, தண்ணீர், ஒரு துண்டு. புளியோதரையோ தயிர்சாதமோ டப்பாவில். கொண்டுபோன எல்லாமே திரும்பி வர வேண்டும், வாழை இலை உட்பட. குறித்துவைக்க ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகு, கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். வருடாவருடம் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று எண்ணி, பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்துவிடுவீர்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய உற்சாகம்.

அடிபட்ட பறவை கிடைத்தால்?

காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில் துணியைப் போட்டு உள்ளே வைத்து மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. கூண்டில் கிளி வளர்ப்பதும் இதே சட்டப்படி குற்றம்தான்.

சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

எல்லாரும் ஐந்தரைக்கே வண்டியில் ஏறிவிடுகிறார்கள். வேட்டங்குடியில் இருந்தால் இன்னும் முக்கால் மணி நேரம் இருங்கள். முதலில் வெள்ளைக் கொக்குகள் வரிசை வரிசையாகத் திரும்பி வரும். மரம் நிறைய நிறைய இடத்துக்குச் சண்டை, சிறகடிப்பு, முணுமுணுப்பு. மெல்ல அடங்கும். கண்மாய்த் தண்ணீரில் வெளிச்சம் குறைந்து மரங்கள் கறுப்பாகும்போது, பகலெல்லாம் கிளைக்குள் கூனிக்குறுகித் தூங்கிய வக்காக்கள் விழிக்கும். ஒன்று கிளம்பும், பின்னால் இரண்டு, அப்புறம் ஏழெட்டு. ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் தலைக்கு மேல் கடந்து வயல்களைப் பார்த்துப் போகும். போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள், உருவம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். குரல்கள் நின்ற பிறகு சாலைக்கு நடந்து வந்தால் மேலூர் பஸ் கிடைக்கும்.